வளர்ப்புப் பூனைக்கு நம் மீது பாசம் உண்டா என்று வீட்டிலேயே கண்டறிவது எப்படி

"நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத் தேடும்" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தச் சொல்லுக்கு நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. எலித் தொல்லைக்காகக் கொண்டுவந்த பூனை குட்டி போட்டுப் பெருகிவிட்டால், அதைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வண்டியில் வைத்து, இரண்டு மூன்று ஊர் தாண்டிச் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறார்கள். திருப்பூரில் ஒரு லைன் வீட்டிலிருந்து இன்னொரு லைன் வீட்டுக்குக் குடிபெயர்கிறவர்களில் சிலர், கட்டில், பீரோ, அடுப்பு எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிவிட்டுப் பூனையை மட்டும் பழைய வாசலிலேயே விட்டுச் செல்கிறார்கள். அவர்களை ஈரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பூனைக்கு ஆள் முக்கியமில்லை, யார் சோறு வைத்தாலும் இருந்துகொள்ளும் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பூனையிடமே சோதித்துப் பார்க்க முடியும். அதற்குப் பத்து நாள் பொறுமையும், குறித்துக்கொள்ள ஒரு நோட்டும், பூனையை அதன் போக்கில் விடுகிற மனமும் போதும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இரண்டே கேள்விகள் உள்ளன. நம்மிடமிருந்து எதுவும் வேண்டாத நேரத்தில் பூனை என்ன செய்கிறது? பயந்துபோன நேரத்தில் அது யாரிடம் வருகிறது? பசி நேரத்துக் கொஞ்சலை எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

பூனையின் மொழி தாயிடம் பேசிய மொழி

சோதனையில் இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை இனம். அது கூட்டமாக வாழும் விலங்கு அன்று. தனியாக வேட்டையாடி, தனியாக உண்டு, தனியாக உறங்கும். தானியம் சேமிக்கத் தொடங்கிய மனிதக் குடியிருப்புகளில் எலி பெருகியபோது அதைத் தேடி வந்து நம்மோடு தங்கிப்போனது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடும் இருந்ததைத் தொல்லியலாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். ஈரோட்டில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே திரியும் கிடங்குப் பூனையும் அதே பழைய ஏற்பாட்டைத்தான் இன்றும் தொடர்கிறது.

நாயின் மூதாதையான ஓநாய்க்குக் கூட்டம் உண்டு. தலைமையும் கூட்டாளியும் உண்டு. பூனையின் மூதாதைக்கோ வாழ்நாளில் நெருக்கமான உறவாக அமைந்தது தாய்க்கும் குட்டிக்கும் இடையே உள்ள சில மாத உறவுதான். ஆகவே வீட்டுப் பூனை நம்மிடம் அன்பு காட்டும்போது அது பயன்படுத்துவது பெரும்பாலும் குட்டி தாயிடம் பேசிய மொழியைத்தான். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு எதிரே வருவது, முன்னங்கால்களால் மடியில் மாவு பிசைவதுபோல் மாறிமாறி அழுத்துவது, "மியாவ்" என்று குரல் கொடுப்பது ஆகிய எல்லாம் பால் குடிக்கும் பருவத்துப் பழக்கங்கள். வளர்ந்த பூனைகள் தமக்குள் "மியாவ்" என்று கத்திக்கொள்வது அரிது. அந்தக் குரலை அவை மனிதரிடம்தான் மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. நாயிடம் எதிர்பார்ப்பதைப் போல ஓடி வருவதையும் வால் ஆட்டுவதையும் பூனையிடம் தேடினால், அது சொல்லிக்கொண்டிருப்பது நம் கண்ணில் படாமலே போய்விடும். பூனை வாலை இருபுறமும் வீசி ஆட்டினால் அது பெரும்பாலும் எரிச்சலின் அறிகுறி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பசியைக் கழித்துவிடுங்கள்

காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டியிலிருந்து வந்து போசியை அடுப்படியில் வைத்ததும் காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிற பூனையைப் பார்த்து, "எவ்வளவு பாசம் பாருங்க" என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் அந்த நேரத்து உரசலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவும்போது வந்து நிற்பதையும், சாப்பாட்டு வட்டலுக்கு எதிரே உட்கார்ந்து நம் முகத்தையே பார்ப்பதையும் எண்ண வேண்டாம். அவற்றில் பாசம் கலந்திருக்கலாம். ஆனால் பசியையும் பாசத்தையும் அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க வழியில்லை.

எனவே முதல் மூன்று நாட்கள் பூனைக்குச் சோறு வைக்கும் நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, உண்டு முடித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு அது செய்வதை மட்டும் எழுதி வாருங்கள். அது எந்த அறையில் படுக்கிறது, நீங்கள் வேறு அறைக்குப் போனால் சிறிது நேரத்தில் அங்கே வருகிறதா, வந்தால் உங்களைத் தொட்டுக்கொண்டு படுக்கிறதா, இரண்டடி தள்ளிப் படுக்கிறதா என்பவற்றைக் குறியுங்கள். தொடாமல், ஆனால் நீங்கள் இருக்கும் அறையிலேயே படுத்திருப்பதும் பூனைக் கணக்கில் நெருக்கம்தான். அதன் மூதாதை, பிறர் அருகில் இருப்பதையே பொறுக்காத விலங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் மதிப்பு விளங்கும்.

நான்காம் நாள் சோற்றோடு நேரடியாகவே போட்டி வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் பூனையைக் கொஞ்சாமலும் உணவு கொடுக்காமலும் இருந்துவிட்டு, ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தின்) ஒரு மூலையில் அதற்குப் பிடித்த உணவைச் சிறிது வைத்து, எதிர் மூலையில் நீங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டு, பூனையை நடுவில் விடுங்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பூனைகளுக்கு உணவு, விளையாட்டுப் பொருள், வாசனை, மனிதரோடு பழகுவது என்ற நான்கு வாய்ப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பூனைகள் மனிதரையே முதலில் தேர்ந்தெடுத்தன. உணவைத் தேர்ந்தெடுத்தவை 37 விழுக்காடு. உங்கள் பூனை நேராக உணவுக்குப் போனால் மனம் சோர வேண்டாம். உண்டு முடித்ததும் அது வெளியே போகிறதா, உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். ஒரே நாள் முடிவை நம்பாமல் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும்.

கண், காது, வால்

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம்" என்ற பழமொழியைப் பூனையின் அறியாமைக்குச் சான்றாகச் சொல்கிறோம். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பூனை கண்ணை மெல்ல மூடித் திறப்பது, அவரிடமிருந்து தனக்கு ஆபத்து இல்லை என்று அது உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. வேட்டையாடவும் பிறவற்றுக்கு இரையாகவும் கூடிய ஒரு சிறு விலங்கு, பயம் இருக்கும் இடத்தில் கண்ணை மூடாது. இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தபோது பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பதில் செய்தன. அறிமுகமில்லாத ஒருவர் அப்படிச் செய்தபோது, அவர் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்தன.

இதை வீட்டில் செய்வது எளிது. பூனை அரைத்தூக்கமாகப் படுத்திருக்கும் பிற்பகலில், இரண்டு முழம் தூரத்தில், அதன் மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள். வெறித்துப் பார்க்காதீர்கள், நேர்ப் பார்வை பூனைக்கு மிரட்டல். பூனை உங்கள் பக்கம் திரும்பும்போது, தூக்கம் வருபவரைப் போல இமைகளைப் பாதி மூடி, பிறகு முழுதும் மூடி, ஓரிரு நொடி வைத்திருந்து மெல்லத் திறந்து, முகத்தைச் சற்று வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். சில பூனைகள் உடனே பதில் தரும். சில நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் செவலை நிறத்தில் ஒரு கடுவன் இருக்கிறது. நிறத்தை வைத்தே அதற்குச் செவலை என்று பெயர். முதல் மூன்று நாள் அது என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் படுத்தது. நான்காம் நாள் இடக்கண்ணின் இமை மட்டும் பாதி இறங்கி நின்றது. பிறகு இரண்டு கண்களும் கோடாக ஒடுங்கின. தாடையைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. இன்றுவரை என் கணவர் இமைத்தால் அது பதிலுக்கு இமைப்பதில்லை. அவருடைய செருப்பின் மேல் மட்டும் தலையை வைத்துத் தூங்குகிறது. ஆளுக்கு ஒரு வகை உறவு வைத்துக்கொள்வது பூனைகளின் இயல்பு.

அடுத்தது காது. கூப்பிட்டால் வராத பூனைக்கு நம் குரல் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. ஜப்பானில் அட்சுகோ சாய்டோ நடத்திய ஆய்வு ஒன்றில், 20 வீட்டுப் பூனைகளுக்கு முன்பின் தெரியாதவர்களின் குரலில் அவற்றின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, அந்தக் குரல்கள் சலித்துப்போன நிலையில் வளர்ப்பவரின் குரலை ஒலிக்கச் செய்தார்கள். சோர்ந்திருந்த கவனம் வளர்ப்பவரின் குரலுக்கு மீண்டும் எழுந்தது. ஆனால் பூனைகள் எழுந்து வரவில்லை. காதைத் திருப்பின, தலையைச் சற்று அசைத்தன, அவ்வளவுதான். அவர் 2019இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, அதே நீளமுள்ள மற்றச் சொற்களிலிருந்து தம் பெயரைப் பூனைகள் பிரித்தறிகின்றன என்று காட்டியது. ஆகவே நீங்களும் பூனையின் முதுகுப் பக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் நின்று, முதலில் ஒறம்பரையாக (விருந்தாளியாக) வந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கூப்பிடுங்கள். பார்க்க வேண்டியது பின்னோக்கித் திரும்பும் காது மடலையும் வாலின் நுனியையும்தான்.

குரலின் தொனியும் கணக்கில் வரும். "வா கண்ணு, வா சாமி" என்று குழந்தையிடம் பேசுவதைப் போலப் பூனையிடம் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். பிரான்சில் ஷார்லட் டி மூஸோன் 16 பூனைகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர் பூனையிடம் பேசும் கொஞ்சல் தொனியையும் பெரியவர்களிடம் பேசும் தொனியையும் பூனைகள் வேறுபடுத்தி உணர்ந்தன. அதே கொஞ்சல் தொனியில் அயலார் பேசியபோது அந்த வேறுபாட்டை அவை பொருட்படுத்தவில்லை. அந்தக் கொஞ்சல் அதற்கும் அதை வளர்ப்பவருக்கும் மட்டுமே உரிய ஏற்பாடாக இருக்கிறது. எனவே கூச்சமின்றிக் கொஞ்சலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சாஹோ தகாகி குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அறைக்கு வெளியே ஓரிடத்தில் ஒலித்த வளர்ப்பவரின் குரல் சட்டென்று வேறோர் இடத்திலிருந்து ஒலித்தபோது பூனைகள் வியப்புக் காட்டின. அதாவது, கண்ணில் படாத நேரத்திலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று பூனை தன் மனத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சோற்றுக்கு மட்டும்தான் உறவு என்றால், வட்டல் ஓசை எழாத நேரத்தில் அந்தக் கணக்குக்கு என்ன தேவை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

வாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது, பசி நேரமாக இல்லாதபோது, பூனை வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி நுனியைச் சற்று வளைத்துக்கொண்டு எதிரே வந்தால், அது வரவேற்பு. அதைத் தொடர்ந்து கன்னத்தையும் நெற்றியையும் உங்கள் மேல் தேய்த்தால், அங்குள்ள சுரப்பிகளின் மணத்தை உங்கள் மேல் பூசித் தன் கூட்டத்தில் ஒருவராக உங்களைச் சேர்த்துக்கொள்கிறது.

கதவைச் சாத்தித் திறக்கும் சோதனை

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய உளவியலாளர்கள் கையாளும் ஒரு முறையை விட்டேல் குழுவினர் பூனைகளுக்குப் பொருத்திப் பார்த்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழக்கமில்லாத அறையில் பூனை இரண்டு நிமிடம் வளர்ப்பவரோடு இருக்கும். பிறகு இரண்டு நிமிடம் தனியாக இருக்கும். பிறகு வளர்ப்பவர் திரும்பி வந்து இரண்டு நிமிடம் இருப்பார். கடைசி இரண்டு நிமிடத்தில் பூனை என்ன செய்கிறது என்பதுதான் சோதனை. பிணைப்பு உறுதியாக இருக்கும் பூனை, வந்தவரை வரவேற்று, பதற்றம் தணிந்து, மீண்டும் அறையை ஆராயத் தொடங்கும். பிணைப்பில் உறுதி இல்லாத பூனை, விடாமல் ஒட்டிக்கொள்ளும். அல்லது வந்தவரைத் தவிர்த்து ஒதுங்கும். அல்லது இரண்டுக்கும் நடுவே தடுமாறும். ஆராய்ந்த 70 குட்டிகளில் 64.3 விழுக்காடும், வளர்ந்த 38 பூனைகளில் 65.8 விழுக்காடும் உறுதியான பிணைப்பைக் காட்டின. மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் அளவும் ஏறக்குறைய இதேதான்.

இதை வீட்டில் செய்ய, பூனை வழக்கமாக நுழையாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். சன்னலைச் சாத்தி, உத்தரத்துக்கோ அட்டாலிக்கோ ஏறும் வழியை அடைத்துவிட வேண்டும். மேலே ஏறிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் உட்காருங்கள். பூனை வட்டத்துக்குள் வந்தால் தடவிக் கொடுக்கலாம், வராவிட்டால் கூப்பிடாதீர்கள். உங்கள் கைபேசியை ஓர் ஓரத்தில் படம் எடுக்க வைத்துவிட்டால், தனியாக இருக்கும் இரண்டு நிமிடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மிரண்ட பூனையிடமும், நோயுற்ற பூனையிடமும், கருவுற்ற பூனையிடமும் இதைச் செய்யக் கூடாது.

திரும்பி வந்ததும் ஒருமுறை காலில் உரசிவிட்டு அறையைச் சுற்றிப் பார்க்கப் போகும் பூனையைக் கண்டு, "என்னைக் கண்டுகொள்ளவே இல்லையே" என்று பலர் வருந்துவார்கள். அந்தப் போக்குத்தான் மிக நல்ல அறிகுறி. நீங்கள் இருக்கும் தைரியத்தில்தான் அது அந்நிய இடத்தை ஆராயத் துணிகிறது. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பொம்மைக் கடைப் பக்கம் நகரும் குழந்தையைப் போன்றது அது.

எதிர்த்தரப்பு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் பாட்டரும் டேனியல் மில்ஸும் 20 பூனைகளிடம் இதே போன்ற சோதனை நடத்தி, பூனைகள் வளர்ப்பவரைப் பாதுகாப்புக்கு நம்பியிருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை என்று 2015இல் எழுதினார்கள். அயலார் வெளியேறியபோது கத்தியதைவிட வளர்ப்பவர் வெளியேறியபோது பூனைகள் கூடுதலாகக் கத்தின என்பதை அவர்களும் கண்டார்கள். பூனை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் விலங்கு என்பதை அவர்கள் முடிவு நினைவூட்டுகிறது. பாதுகாப்புக்கு ஒருவரைச் சார்ந்திருப்பதும் அவர்மேல் அன்பு கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதால், அவர்கள் முடிவு பாசத்தை மறுப்பதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு மாறும்போது இயற்கையாகவே இன்னும் பெரிய சோதனை ஒன்று நடந்துவிடுகிறது. சோமனூரிலிருந்து பெருந்துறைக்கு நாங்கள் குடிவந்தபோது செவலை மூன்று நாட்கள் அட்டாலியில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருந்து இறங்கவே இல்லை. வைத்த கருவாட்டைக்கூட இரவில் யாரும் பார்க்காதபோது பாதிதான் தின்றிருந்தது. சொந்த வாசம் எதுவும் இல்லாத இடத்தில் அது வேறு என்ன செய்யும்? நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் ஏணிப்படியில் நகம் உரசும் ஓசை கேட்டது. துவைப்பதற்காக மூலையில் போட்டிருந்த என் சேலையை முகர்ந்து, அதன் மேல் முன்னங்கால்களை மாற்றிமாற்றி அழுத்திவிட்டு, பிறகு பாய்க்கு வந்து என் முழங்காலுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. சோற்று வட்டல் அதற்கு அருகிலேயே இருந்தும் முதலில் அங்கே போகவில்லை. வீட்டைத்தான் பூனை தேடும் என்றால், வீடு இல்லாமல் போன அந்த இரவில் அது எதைத் தேடி இறங்கியது என்பதை நான் பார்த்தேன்.

ஆகையால் வீடு மாறுகிறவர்கள் பூனையைக் கட்டாயம் உடன் கொண்டு செல்ல வேண்டும். புதிய வீட்டில் குறைந்தது இரண்டு வாரம் வெளியே விடக் கூடாது. முதல் சில நாட்கள் ஓர் அறையிலேயே வைத்து, நீங்கள் உடுத்திய துவைக்காத துணி ஒன்றை அதன் படுக்கையில் போட்டு வையுங்கள். அதற்குள் வெளியே விட்டால் அது பழைய வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். பெரியவர்கள் சொன்ன சொல்லில் உண்மையாக உள்ள பகுதி இதுதான்.

பாசம் என்று தவறாக எண்ணக்கூடியவை

உறுமல்போல் தொண்டைக்குள் எழும் "குர்ர்" ஓசையைத் தனிச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இதமாக இருக்கும்போது மட்டுமின்றி, வலியிலும் பிரசவ நேரத்திலும் பூனை அந்த ஓசையை எழுப்பும். பசிக்காக எழுப்பும் ஓசைக்குள் குழந்தை அழுகையை ஒத்த உயர்ந்த குரல் ஒன்று கலந்திருப்பதைக் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009இல் கண்டறிந்தார்கள்.

எலியையோ ஓணானையோ கொன்று கொண்டுவந்து வாசலில் போடுவதைப் "பரிசு" என்று சொல்வது பலருக்கும் பிடிக்கும். தனக்குப் பத்திரமான இடம் என்று கருதும் இடத்துக்கு இரையைக் கொண்டுவருவது பூனையின் இயல்பு. வீட்டை அது தன் இடமாக எண்ணுகிறது என்பதற்கு அது சான்றாகும். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

மடியில் படுப்பதையும் காலம் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். பூனைக்கு இதமான வெப்பநிலை 30 முதல் 38 டிகிரி வரை. மார்கழிக் குளிரில் நம் மடியும் அதற்கு ஓர் அடுப்பங்கரைதான். ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் சித்திரையில், குளிர்ந்த சிமெண்டுத் தரை எங்கும் இருக்கும்போது, உங்கள் காலடியில் வந்து ஒரு பாதத்தையாவது உங்கள் மேல் வைத்துக்கொண்டு படுக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாதத்தைத் தாராளமாக நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை சினைப்பருவத்தில் தரையில் உருண்டு, காண்பவர் எல்லோரிடமும் உரசிக் கத்தும். அதைத் திடீர்ப் பாசம் என்று எண்ணிவிடக் கூடாது. அதேபோல் வயதான பூனை வழக்கத்துக்கு மாறாக விடாமல் ஒட்டிக்கொண்டாலோ, இரவில் உரக்கக் கத்தினாலோ, வழக்கமாக ஒட்டும் பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாலோ, அது நோயாக இருக்கக்கூடும். பூனை வலியை மறைக்கும் விலங்கு. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்திலோ காட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை இரக்கப்பட்டுப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மருந்து பூனையின் உயிரை எடுத்துவிடும்.

பாசம் வளர என்ன செய்யலாம்

பூனையின் மனத்தில் மனிதருக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள்தான். அந்தப் பருவத்தில் மனிதக் கை படாமல் வைக்கோல் போருக்குள் வளர்ந்த குட்டி, பிற்பாடு எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் சற்று எட்டியே நிற்கும். உங்கள் கட்டுத்தரையில் பூனை குட்டி போட்டிருந்தால், தாய் பழகியதாக இருக்கும் பட்சத்தில், கண் திறந்த பிறகு தினமும் சிறிது நேரம் வீட்டில் உள்ள எல்லோரும் மென்மையாகக் கையில் எடுத்துப் பழக்குங்கள். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம்.

வளர்ந்த பூனையிடம் நெருங்க விரும்புகிறவர், நெருங்கும் வேலையைப் பூனையிடமே விட்டுவிட வேண்டும். சூரிச் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் டர்னர் பல ஆண்டுகள் வீட்டுப் பூனைகளைக் கவனித்துக் கண்டது இதுதான்: நாம் போய்த் தொடங்கும் கொஞ்சலைவிடப் பூனை தானாக வந்து தொடங்கும் கொஞ்சல் அதிக நேரம் நீடிக்கிறது. கையை மடக்கி, விரல் கணுவை அதன் மூக்கு மட்டத்தில் நீட்டுங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் கன்னம், தாடைக்கு அடிப்பகுதி, காதுக்கு முன்புறம் ஆகிய இடங்களில் தடவிக் கொடுங்கள். மூன்று நான்கு தடவலுக்குப் பின் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். மீண்டும் வேண்டுமென்றால் அதுவே தலையால் முட்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் உச்சம். ஆனால் வயிற்றைத் தொடச் சொல்லும் அழைப்பு அன்று. தொட்டுக் கீறல் வாங்கிய பிறகு பூனையைக் குறை சொல்வது நியாயமில்லை. குழந்தைகள் பூனையின் கழுத்தைக் கட்டித் தூக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

சீமாற்றை ஓங்குவது, தண்ணீர் தெளிப்பது, கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி வெளியே வீசுவது ஆகிய எல்லாம் பூனைக்குத் தவறை உணர்த்துவதில்லை. அந்த மனிதரை மட்டுமே நினைவில் பதிக்கின்றன. உணவும் முக்கியம். தயிர்ச்சோறும் பாலும் மட்டும் உண்டு பூனை நலமாக வாழ முடியாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அசைவம் சமைக்காத வீட்டினர் கடைகளில் கிடைக்கும் பூனைத் தீவனத்தையாவது கொடுக்க வேண்டும்.

இத்தனை செய்தும் சில பூனைகள் கடைசிவரை தொட விடாது. அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டியின்) தோட்டத்து வீட்டில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அதை யாரும் கையால் தொட்டதில்லை. காலையில் அமுச்சி வரப்பில் நடந்தால் பத்தடி பின்னால் அதுவும் நடக்கும்; மோட்டார் அறையருகே அவர் துணி துவைத்து முடிக்கும்வரை தொட்டித் திட்டில் உட்கார்ந்திருக்கும்; அவர் திரும்பும்போது அதுவும் திரும்பும். வேறு யார் நடந்தாலும் அது அசையாது. அமுச்சி அதற்குத் தனியாக எதுவும் கொடுத்ததும் இல்லை. சோறு வைத்தவர் பண்ணையத்து ஆள். இப்படிப்பட்ட பூனை உங்களிடம் இருந்தால் மடியையும் இமையையும் விட்டுவிட்டு, தூரத்தை அளந்து வாருங்கள். நோட்டில் மாதம் ஒருமுறை, அது உங்களைப் பின்தொடரும்போது எத்தனை அடி தள்ளி வருகிறது, நீங்கள் நின்றால் எவ்வளவு தூரத்தில் உட்காருகிறது என்று எழுதுங்கள். ஆடியில் பத்தடியாக இருந்தது கார்த்திகையில் ஏழடியாகக் குறைந்திருந்தால், அந்தப் பூனையால் நடக்க முடிந்த தூரம் அந்த மூன்றடி. அதற்குள் கையை நீட்டிவிடாதீர்கள்.